கடற்கரைக்குப் போக எவ்வளவு வேண்டும்? பெங்களூருக் குடும்பத்துக்கு ஒரு கணக்குப் பாடம்

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் நகரம். கிழக்கே சென்னையும் மேற்கே மங்களூரும் ஏறக்குறைய ஒரே தொலைவில், சுமார் 350 கிலோமீட்டரில் இருக்கின்றன. இரு புறமும் கடல் இருந்தும், இங்கே வளரும் பிள்ளைகளில் பலர் கடலை முதலில் திரையில்தான் பார்க்கிறார்கள். காரணம் கேட்டால் பெற்றோர் சொல்லும் விடை ஒன்றுதான்: செலவு. அந்தச் செலவு உண்மையில் எவ்வளவு, அதை எப்படிச் சேர்ப்பது, எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கவே கூடாது என்பவற்றை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் கொண்ட ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். செல்லும் இடம் வட கன்னட மாவட்டத்தின் கோகர்ணம். விளம்பரங்களில் மின்னும் ஊர்களை விட்டுவிட்டு இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. அப்பரும் சம்பந்தரும் பாடிய தலம் அது. துளுவ நாட்டில் பாடல் பெற்ற தலம் அது ஒன்றே. நூற்றாண்டுகளாக யாத்திரிகர் வந்து தங்கும் ஊரில் எளிய அறைகளும் எளிய சாப்பாடும் கிடைத்தே தீரும். சுற்றுலாவை மட்டும் நம்பியிருக்கும் கடற்கரையில் இந்த வசதி இருப்பதில்லை. கோயிலும் கடலும் சேர்ந்திருக்கும் ஊர் பெரும்பாலும் பைக்கு இதமானது என்பது நம் அனுபவத்தில் தவறாத விதி. உடுப்பியில் தங்கி மால்பே கடற்கரைக்குப் போவதும், திருச்செந்தூரும், இராமேசுவரமும் இதே வகை. ஆனால் திருவிழா நாள்களில் இந்த விதி தலைகீழாகும். மகாசிவராத்திரியை ஒட்டி கோகர்ணத்தில் அறை தேடுவது வீண் அலைச்சல்.

இரவு வண்டியின் இலாபம்

பெங்களூரிலிருந்து கார்வாருக்குச் செல்லும் பஞ்சகங்கா விரைவு வண்டி மாலையில் புறப்பட்டு, மறுநாள் காலையில் கோகர்ணா ரோடு நிலையத்தை அடைகிறது. அங்கிருந்து ஊர் பத்துக் கிலோமீட்டர் அளவில். வெள்ளி மாலை ஏறினால் சனி காலை கடல். ஞாயிறு மாலை திரும்ப ஏறினால் திங்கள் காலை பெங்களூரு. கடற்கரையில் முழுதாக இரண்டு பகல்கள் கிடைக்கின்றன. அறை வாடகை கொடுப்பதோ ஓர் இரவுக்குத்தான். சிக்கனப் பயணத்தின் பாதி இரகசியம் இதில் அடங்கிவிடுகிறது. (சக்லேஷ்பூருக்கும் சுப்பிரமணியாவுக்கும் இடையிலுள்ள மலைப் பகுதியில் 57 சுரங்கங்கள் உண்டு. இரவு வண்டியில் செல்கிறவர்கள் அந்த அழகையெல்லாம் உறக்கத்தில் கடந்துவிடுகிறார்கள் என்பது ஒன்றே குறை.)

சொந்தக் காரில் செல்வதை ஒப்பிட்டுப் பார்ப்போம். போக, வர, ஊருக்குள் சுற்ற என ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர், லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால் எரிபொருளுக்கு மட்டும் 6,700 ரூபாய் ஆகும். சுங்கக் கட்டணம் தனி. பகலில் ஓட்டினால் விடுமுறையில் ஒரு நாள் சாலையிலேயே கழியும்.

இனி நம் கணக்கு. படுக்கை வசதி வகுப்பில் நால்வருக்குப் போக வர 4,000 ரூபாய் ஒதுக்குவோம். ஓர் இரவு அறைக்கு 2,000. இரண்டு நாள் உணவுக்கு 3,000. ஆட்டோ, பேருந்து, படகுக்கு 1,500. எதிர்பாராத செலவுக்கு 1,500. ஆக 12,000 ரூபாய். ஒவ்வொரு குடும்பத்துக்கும் இத்தொகைகள் மாறும். ஆனால் கடைசி 1,500 ரூபாயை மட்டும் எவரும் அடித்துவிட வேண்டாம் என்பது நம் கருத்து. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் அந்தப் பணமே மருத்துவரிடம் கொண்டுபோகும்.

முன்பு சேர்ப்பதும் பின்பு கட்டுவதும்

இந்த 12,000 ரூபாயை மூன்று வழிகளில் திரட்டலாம். முதல் வழி, மாதம் 1,000 ரூபாய் வீதம் ஓராண்டுத் தொடர் வைப்பு. வட்டி ஆண்டுக்கு 6 விழுக்காடு என்று எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்வோம். முதல் தவணை 12 மாதமும், இரண்டாவது 11 மாதமும், கடைசித் தவணை ஒரே மாதமும் வட்டி ஈட்டும். 12 முதல் 1 வரை கூட்டினால் 78. ஆகவே 1,000 ரூபாய்க்கு 78 மாத வட்டி, அதாவது 390 ரூபாய். காலாண்டுக்கு ஒருமுறை வட்டி முதலோடு சேர்வதால் இன்னும் சில ரூபாய் கூடும்.

இரண்டாவது, தனிநபர் கடன். 14 விழுக்காட்டில் ஓராண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 1,077 ரூபாய். மொத்தம் கட்டுவது 12,929. வட்டி மட்டும் 929. செயலாக்கக் கட்டணம் இதில் சேரவில்லை. மாதந்தோறும் கையிலிருந்து போகும் தொகை இரண்டிலும் ஆயிரத்தை ஒட்டியதே. ஆனால் முதலாமவர் 390 ரூபாய் பெறுகிறார். இரண்டாமவர் 929 ரூபாய் தருகிறார். இருவருக்கும் இடையே 1,300 ரூபாய்க்கு மேல் வேறுபாடு.

மூன்றாவது வழி கடன் அட்டை. குறித்த நாளுக்குள் முழுத் தொகையையும் கட்டிவிடுகிறவருக்கு அது நல்ல கருவிதான். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி நாளைத் தள்ளுகிறவருக்கு, வட்டி மாதம் 3.5 விழுக்காடு என்றால், 12,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டியே 420 ரூபாய். அந்த வட்டியின்மேல் சரக்கு சேவை வரியும் உண்டு. தொடர் வைப்பில் ஓராண்டில் கிடைப்பதைவிட அதிகமாக இங்கே ஒரே மாதத்தில் போய்விடுகிறது. கடன் வழங்கும் தொழிலில் இருப்பவர்களே இதைச் சொல்வது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். உல்லாசப் பயணத்துக்குக் கடன் வாங்குவதை நாம் பரிந்துரைப்பதில்லை.

தொடர் வைப்பு தொடங்கும்போது முதிர்வு நாளைக் கவனித்து அமைக்க வேண்டும். 2024 நவம்பர் முதல் இரயில் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டது. பிப்ரவரி தொடக்கத்தில் பயணம் என்றால் டிசம்பர் தொடக்கத்தில் காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும். பணம் அன்று கையில் இருக்க வேண்டும். ஆகவே வைப்பு நவம்பர் இறுதியில் முதிர்வதாக இருக்கட்டும். தட்கால் சீட்டை நம்பியிருப்பது சிக்கனமாகாது. கட்டணம் கூடுதல், உறுதியான தட்கால் சீட்டை நாமே ரத்து செய்தால் பணமும் திரும்பாது.

தங்குமிடத்துக்கு முன்பணம் அனுப்புமுன் ஒரு எச்சரிக்கை. கவர்ச்சியான படங்களோடு போலித் தங்கும் விடுதிகள் இணையத்தில் உலவுகின்றன. பாதி விலைக்கு அறை, உடனே யுபிஐ வழியே முன்பணம் என்று அவசரப்படுத்தினால் ஐயம் கொள்ளுங்கள். முன்பணத்தைத் திருப்பி அனுப்புவதாகக் கூறி யுபிஐ இரகசிய எண்ணை இடச் சொன்னால் அது மோசடியே. பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை. ஏமாந்துவிட்டால் தயங்காமல் 1930 என்ற எண்ணை அழைத்துவிட்டு, வங்கிக்கும் தெரிவியுங்கள். முதல் சில மணி நேரமே பணத்தை மீட்பதற்கு நல்ல வாய்ப்பு.

குறைக்கக் கூடாத இடம்

பருவமழைக் காலமான ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குக் கரையில் அறை வாடகை குறையும். அந்த மலிவுக்கு மயங்க வேண்டாம். அந்த மாதங்களில் அரபிக் கடல் கொந்தளிக்கும். மால்பேயிலிருந்து செயின்ட் மேரிஸ் தீவுக்குச் செல்லும் படகுகளும் நிறுத்தப்படும்.

மழை ஓய்ந்த பின்னும் கடல் கடல்தான். 2024 டிசம்பரில் கோலார் மாவட்டத்திலிருந்து சுற்றுலா வந்த பள்ளி மாணவியர் நால்வர் முருடேசுவரத்தில் அலையில் சிக்கி உயிரிழந்தனர். கடலோரத்தில் வளராத பிள்ளைகளுக்கு அலையின் இழுப்புத் தெரியாது. கரையில் மோதிய நீர் ஓரிடத்தில் ஒன்றுகூடி, குறுகிய பாதையில் வேகமாகக் கடலுக்குத் திரும்பும். இரு புறமும் அலை புரள, நடுவில் அந்த இடம் மட்டும் அமைதியாகத் தோன்றும். அந்த அமைதியை நம்பித்தான் பலர் அங்கே இறங்குகிறார்கள். சிக்கியவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டால் களைத்துப்போவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுப்பு ஓய்ந்த பின் கரை திரும்ப வேண்டும். நீந்தத் தெரியாதவர் மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். பிள்ளைகளுக்கு இதை வண்டியில் வரும்போதே சொல்லி வையுங்கள்.

ஆகவே பிள்ளைகள் நீரில் இறங்குவதற்கு உயிர்காப்பாளர் பணியில் இருக்கும் கடற்கரையே வேண்டும். ஹொன்னாவருக்கு அருகிலுள்ள காசர்கோடு கடற்கரையும், உடுப்பி மாவட்டத்தின் படுபித்ரியும் 2020 இல் நீலக் கொடிச் சான்று பெற்றவை. தூய்மையோடு உயிர்காப்பு ஏற்பாடும் அச்சான்றுக்கு வேண்டிய தகுதிகளில் ஒன்று. ஆட்டோவுக்குச் சில நூறு ரூபாய் கூடினாலும் அங்கே செல்வது தகும். கோகர்ணத்தின் ஓம் கடற்கரைக்கு அப்பால் பாறை வழியே நடந்தடையும் சிறு கடற்கரைகள் கண்ணுக்கு அழகானவை. குழந்தைகளோடு குளிக்க உகந்தவை அல்ல.

வெளிநாட்டுக் கடற்கரைக்குத் திட்டமிடுவோருக்கு இரண்டு குறிப்புகள் போதும். இலங்கையிலும் மொரீஷியசிலும் 2024 பிப்ரவரி முதல் யுபிஐ செல்லும். அங்கே அட்டையைத் தேய்க்கும்போது ரூபாயிலா, உள்நாட்டு நாணயத்திலா என்று கருவி கேட்டால் உள்நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தேர்ந்தால் மாற்று விகிதத்தில் கூடுதலாகப் பறிபோகும்.

மேற்குக் கரை மூடியிருக்கும் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில்தான் விடுப்புக் கிடைக்கும் என்பவர்கள் கிழக்கே திரும்பலாம். மைசூரிலிருந்து பெங்களூரு வழியாகச் செல்லும் இரவு வண்டி காலையில் மயிலாடுதுறையில் இறக்கிவிடும். அங்கிருந்து பேருந்தில் தரங்கம்பாடி. 1620 இல் டேனியர் கட்டத் தொடங்கிய டேன்ஸ்போர்க் கோட்டை கடலைப் பார்த்தபடி நிற்கிறது. குளிப்பதற்கு ஏற்ற கரை அன்று. மாலையில் அமர்ந்து பார்ப்பதற்கு ஏற்றது. ஐந்து வயது நிறைந்து பன்னிரண்டு நிறையாத பிள்ளைக்குத் தனிப் படுக்கை வேண்டாமென்றால் பாதிக் கட்டணம் போதும் என்பதை முன்பதிவுப் படிவம் நிரப்பும்போது மறவாதீர்கள்.