விசாரணையின்றித் தடுத்து வைத்தல்: சட்டம் என்ன சொல்கிறது?

வீட்டில் ஒருவர் கைது செய்யப்பட்டால் முதல் இரண்டு நாட்களும் மிக முக்கியம். நெடுந்தீவிலோ நயினாதீவிலோ இருப்பவர் படகேறிக் குறிகட்டுவான் வந்து, யாழ்ப்பாணம் போய்ச் சேரவே பொழுது போய்விடும். ஆகவே இதனை வீட்டிலுள்ள எல்லோரும் முன்கூட்டியே வாசித்து வையுங்கள்.

பொது விதி
1978 அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரைப்படி, கைது செய்யப்படுபவருக்குக் காரணம் சொல்லப்பட வேண்டும். அவரை நீதவான் முன் நிறுத்தவும் வேண்டும். சாதாரண சட்டத்தில் இதற்குரிய காலம், பயண நேரம் தவிர்த்து, 24 மணித்தியாலம்.

விதிவிலக்கு
1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் தற்காலிகச் சட்டமாக வந்தது, 1982இல் நிரந்தரமானது. இதன் கீழ் பிடியாணையின்றிக் கைது செய்து 72 மணித்தியாலம் வைத்திருக்கலாம். அமைச்சர் தடுப்புக்காவல் கட்டளை பிறப்பித்தால் வழக்கின்றியே மாதக்கணக்கில் நீடிக்கலாம். 18 மாதமாக இருந்த உச்ச எல்லை 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 12 மாதமானது.

விதிவிலக்குக்கும் எல்லை உண்டு
• கைது பற்றியும் தடுத்து வைத்துள்ள இடம் பற்றியும் 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும்.
• சட்டத்தரணியைச் சந்திக்கவும் உறவினருடன் தொடர்புகொள்ளவும் உரிமை உண்டு.
• சித்திரவதை எந்தச் சட்டத்தின் கீழும் அனுமதிக்கப்படவில்லை.
• 12 மாதமாகியும் வழக்கு விசாரணை தொடங்காவிட்டால் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் பிணை கேட்கலாம்.

நீங்கள் செய்ய வேண்டியவை
1. கைது செய்தவரின் பெயர், பதவி, கொண்டுசெல்லும் இடம், நேரம் ஆகியவற்றைக் கேட்டு எழுதுங்கள்.
2. படகுக்குக் காத்திராமல் ஆணைக்குழுவின் 1996 இலக்கத்துக்கு அழையுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டுக் குறித்து வையுங்கள்.
3. சட்டத்தரணிக்குப் பணமில்லையெனில் யாழ்ப்பாணத்திலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள்.
4. உரிமை மீறப்பட்டிருந்தால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு தாக்கல் செய்ய வேண்டும். ‘பொறுத்துப் பார்ப்போம்’ என்று இருந்தால் இந்த ஒரு மாதம் கைநழுவிப் போகும்.
5. சட்டவிரோதமாகத் தடுத்து வைத்திருந்தால் ஆட்கொணர்வு மனு போடலாம். இதற்குக் கொழும்புக்குத்தான் போகவேண்டும் என்றில்லை. வட மாகாணத்துக்குள் தடுத்து வைத்திருந்தால் மாகாண மேல் நீதிமன்றமும் ஏற்கும்.

கையெழுத்து – கவனம்
இச்சட்டத்தின் கீழ், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அல்லது அதற்கு மேற்பட்டவரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை வழக்கில் சான்றாக ஏற்கலாம். விளங்காத மொழியில் எழுதிய எதிலும் கையெழுத்திட வேண்டாம் என்று பிள்ளைகளுக்கு இன்றே சொல்லி வையுங்கள்.

முன்பு கைதாகி விடுதலையானவர்கள் தங்கள் விடுதலைப் பத்திரத்தின் பிரதியொன்றை நம்பிக்கையான உறவினரிடமும் கொடுத்து வைப்பது நல்லது.