'வீல் ஆஃப் டைம்' பற்றி எழுதிய தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உன் கட்டுரையை ராத்திரி ஒரே மூச்சில் படித்தேன். காலையில் எழுந்து மறுபடியும் படித்தேன். இரண்டாம் முறை கையில் சிவப்புப் பேனா இருந்தது. பழைய வியாதி, விடவில்லை.

அந்த நாவல் வரிசையின் 14 தொகுதிகளையும் கடைசிவரை படித்தவர்கள் நம் பக்கத்தில் சொற்பம். படித்துவிட்டுத் தமிழில் எழுத உட்கார்ந்தவர்கள் அதைவிடச் சொற்பம். ஆகவே கதைச் சுருக்கம், மந்திர சக்தியின் விதிமுறைகள், எந்த அரசி எந்த நாட்டுக்காரி என்பதிலெல்லாம் நான் தலையிடப் போவதில்லை. அதிலெல்லாம் நீ என்னைவிடத் தேர்ந்தவன். (கடைசித் தொகுதியின் கடைசிக் காட்சியை இரண்டாம் பக்கத்திலேயே போட்டு உடைத்ததை மட்டும் மன்னிக்க மாட்டேன்.) எனக்கு எரிச்சல் மூட்டியவை இரண்டு இடங்கள். சின்னதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

காலச் சக்கரம் நம்முடையது, யுகங்கள் நம்முடையவை, அதை எழுதிய ராபர்ட் ஜார்டன் நம் சரக்கை எடுத்து வெள்ளைக்காரச் சட்டை மாட்டி விற்றுவிட்டார் என்று ஒரு பக்கம் முழுக்கப் பொருமியிருக்கிறாய். ஜார்டன் இதை மறைத்தவர் இல்லை. சுழலும் காலம் என்ற எண்ணம் இந்துப் புராணங்களிலிருந்து வந்தது என்று பேட்டிகளில் அவரே சொன்னார். அவர் எடுத்தது அது ஒன்று மட்டுமா? நாயகன் ராண்டுக்கு ஒரு கை போகிறது. நார்ஸ் புராணத்தில் ஓநாயின் வாயில் கையை விட்டு இழந்த டீர் நினைவுக்கு வரவில்லையா? அவன் நண்பன் மேட் மரத்தில் தொங்குகிறான், ஒரு கண்ணை இழக்கிறான், அவன் ஈட்டியில் காக்கை பொறித்திருக்கிறது. அதே புராணத்து ஓடினை இதைவிட வெளிப்படையாக எப்படிக் காட்டுவது? இன்னொரு நண்பன் பெரினின் சுத்தியல் தோரிடமிருந்து வந்தது. எலெய்ன், கவின், மோர்கேஸ், ஆர்தர் ஹாக்விங் எல்லாரும் ஆர்தர் மன்னனின் அவையிலிருந்து எழுந்து வந்தவர்கள். நீ கேட்பதுபோல ஆளாளுக்கு வந்து பங்கு கேட்டால் ஜார்டனுக்கு மிஞ்சுவது அட்டை மட்டும்தான்.

எடுத்ததை அவர் என்ன செய்தார் என்று பார்த்திருந்தால் உனக்கு ஒரு நல்ல கட்டுரை கிடைத்திருக்கும். சக்கரத்தை விட்டு வெளியேற நினைப்பவன் நம் மரபில் ஞானி. பிறவிச் சுழல் அறவேண்டும் என்று பாடாத அடியார் யார்? ஜார்டனிடம் சக்கரத்தை நிறுத்த நினைப்பவன் வில்லன். இஷமயேலை எடுத்துக்கொள். அவன் ஒரு காலத்தில் பெரிய தத்துவ அறிஞன். சக்கரம் முடிவில்லாமல் சுற்றுமானால் இருளின் தலைவன் ஏதோ ஒரு சுற்றில் வென்றே தீர வேண்டும், அந்த ஒரு வெற்றியோடு சக்கரமே முறிந்துவிடும் என்று கணக்குப் போட்டுப் பார்த்து எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தவன். மற்ற துரோகிகளுக்கு அதிகாரம் வேண்டும், சாகாவரம் வேண்டும். இவனுக்கு வேண்டியது ஓய்வு. நம் வேதாந்தி ஒருவரிடம் இவன் வழக்கைக் கொடுத்துப் பார், பாதி வழக்கை ஜெயித்துக் கொடுத்துவிடுவார். ஜார்டன் நம்மிடமிருந்து சக்கரத்தை எடுத்துக்கொண்டு விடுதலையை விட்டுவிட்டுப் போனார். ஏன் என்று கேட்டிருக்க வேண்டாமா நீ?

இன்னொன்று. இந்தியா அந்த நூலில் நிஜமாகவே ஓரிடத்தில் வருகிறது, நீ தாண்டிப் போயிருக்கிறாய். முதல் தொகுதி, நான்காம் அத்தியாயம். தாம் மெரிலின் என்ற கதைசொல்லி ஊர்த்திடலில் நின்று தன்னிடமுள்ள கதைகளை அடுக்குகிறான். நெருப்புக் கழுகின் வயிற்றில் ஏறி நிலாவுக்குப் போன லென்னின் கதையைச் சொல்லச் சொல்லி எக்வேன் என்ற ஊர்ப்பெண் கேட்கிறாள். லென்னின் மகள் சால்யா விண்மீன்களுக்கிடையே நடந்தவளாம். உலகைச் சுற்றி எட்டும் தீ ஈட்டி வைத்திருந்த மோஸ்க் என்ற அரக்கன், எல்லாருக்கும் அரசியான எல்ஸ்பெட், 'அற்புத இண்ட்' நாட்டின் தாயான மட்டரீஸ் என்ற வைத்தியச்சி. மோஸ்க் மாஸ்கோ, தீ ஈட்டி ஏவுகணை, எல்ஸ்பெட் எலிசபெத் மகாராணி, மட்டரீஸ் அன்னை தெரசா, இண்ட் நாம். லென் என்பது 1962இல் பூமியைச் சுற்றிய ஜான் க்ளென். நிலாவுக்குப் போன 'ஈகிள்' கலம் 1969இல் போனது, அதில் க்ளென் இல்லை. சால்யா 1983இல் விண்வெளி சென்ற சாலி ரைட், க்ளென்னுக்கு எந்த உறவும் இல்லை. யுகங்கள் உருண்டதில் மூன்று பயணங்கள் கலந்து ஓர் அப்பாவும் மகளுமாகிவிட்டன.

நான்காம் தொகுதியில் டான்சிகோ நகர அருங்காட்சியகத்தில், வட்டத்துக்குள் மூன்று முனை நட்சத்திரம் போல ஒரு வெள்ளி நிறப் பொருள் கீறலும் வடுவுமாகக் கிடக்கிறது. பத்தடி தள்ளி நிற்கும்போதே அதிலிருந்து கர்வமும் பகட்டும் வீசுவதாகப் பார்ப்பவளுக்குப் படுகிறது. மெர்சிடிஸ் காரின் முகப்பில் இருக்கும் சின்னம் அது! நான் வாய்விட்டுச் சிரித்த இடம்.

ஜார்டனுடைய உலகில் தகவல்கள் எல்லாம் கை மாறிக் கை மாறித் தேய்ந்து வந்தவை. அந்த உலகின் அறிஞர்களுக்கே பாதி தெரியாது, தெரிந்ததில் பாதி தப்பு. 1997இல் தெரசா பேட்டர்சனோடு சேர்ந்து அவர் கொண்டுவந்த விளக்க நூலைக்கூட அந்த உலகத்து அறிஞர் ஒருவர் எழுதியதுபோலத்தான் அமைத்தார். தவறுகளுக்கும் அதில் இடம் உண்டு என்று சொல்லியே அமைத்தார். நீயோ நிலப்பதிவு ஆவணம் போல 'இன்னாருக்கு இன்னார், இந்த ஆண்டு இந்தப் போர்' என்று மூன்று பக்கம் எழுதி வைத்திருக்கிறாய்.

ஆனால் ரூயிடியன் நகரம் பற்றி எழுதிய அந்த ஒரு பத்தி இருக்கிறதே! ஐயீல் மக்கள் கொலை செய்யுமுன் முகத்தை மூடிக்கொள்வார்கள். ஏன் என்று அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. கண்ணாடித் தூண்களுக்கிடையே ராண்ட் நடக்க நடக்கக் காலம் பின்னோக்கி ஓடுகிறது; ஒவ்வோர் அடியிலும் ஒரு மூதாதையின் கண்வழியே பார்க்கிறான். கொல்லாமையை உயிராகக் கொண்ட கூட்டத்தில் லெவின் என்ற பையன், கடத்தப்பட்ட தங்கையை மீட்கப் போய் ஈட்டியால் ஆளைக் கொன்றுவிட்டுத் திரும்புகிறான். பெற்ற தாய் அவன் முகத்தைப் பார்க்க மறுக்கிறாள், மூடிக்கொள்ளச் சொல்கிறாள். அதை நீ எந்த விளக்கமும் சொல்லாமல் தாயையும் மகனையும் மட்டும் நிறுத்திக் காட்டிவிட்டு நகர்ந்திருக்கிறாய். அந்த அத்தியாயங்களைப் பற்றி ஆங்கிலத்தில் நிறையப் படித்திருக்கிறேன். உன் பத்தி அளவுக்கு எதுவும் என்னை உலுக்கவில்லை. உன் வயதில் என்னால் அப்படி எழுத முடிந்திருக்காது, இப்போதும் முடியுமா என்பது சந்தேகம்தான். மீதியைக் கிழித்துப் போட்டாலும் அந்தப் பத்தியை வைத்துக்கொள்.

இனி பெரிய விஷயம். 'அவருடைய மனைவியும் உதவியாக இருந்தார்.' ஹாரியெட் மக்டூகலுக்கு நீ கொடுத்த இடம் இவ்வளவுதான். பெயரைக்கூடப் போடவில்லை.

தம்பி, ஜார்டனாக எழுதிய ஜேம்ஸ் ஆலிவர் ரிக்னி, வியட்நாம் போரில் ஹெலிகாப்டர் துப்பாக்கி வீரர். பிறகு கடற்படைக்கு வேலை செய்த அணு பொறியாளர். அவருடைய 'ஃபாலன் ப்ளட்' என்ற சரித்திர நாவலை 1980இல் வேறொரு புனைபெயரில் வெளியிட்டது ஹாரியெட். திருமணம் 1981இல். முதலில் பதிப்பாசிரியர், அப்புறம்தான் மனைவி. ஏஸ், டோர் போன்ற பதிப்பகங்களில் பெரிய பொறுப்பில் இருந்தவர், 'எண்டர்ஸ் கேம்' நாவலைச் செப்பனிட்டவர். 1990இல் வந்த முதல் தொகுதி தொடங்கி 2013இல் வந்த கடைசித் தொகுதி வரை ஒவ்வொன்றும் அவர் கைபட்டே வெளிவந்தது. 2007 செப்டம்பரில் ஜார்டன் இறந்தபோது கதை முடியவில்லை. கடைசி வாரங்களில் அவர் வீட்டாரிடம் சொன்னவை பதிவு செய்யப்பட்டன. எஞ்சிய குறிப்புகளைக் கொண்டு கதையை முடிக்க ஒருவரைத் தேடும் வேலை ஹாரியெட்டுடையது. ஜார்டனுக்கு அஞ்சலியாக ஓர் இளம் எழுத்தாளர் எழுதியதை யாரோ அவருக்குக் காட்ட, அந்த ஆளின் 'மிஸ்ட்பார்ன்' நாவலை வரவழைத்துப் படித்துவிட்டு பிராண்டன் சாண்டர்சனைத் தேர்ந்தெடுத்தார். ஒரு தொகுதியாக வரவேண்டியது மூன்றாயிற்று. மரியா சைமன்ஸ், ஆலன் ரோமன்சுக் என்ற இரு உதவியாளர்கள் யார் எந்த ஊரில் எந்த நாளில் இருந்தார் என்று முரண்களைப் பிடித்துக்கொண்டே இருந்தார்கள். உன் மூன்று பக்கப் பட்டியலுக்கு ஆதாரமாக நீ காட்டும் 2015ஆம் ஆண்டுத் துணைநூலின் அட்டையைத் திருப்பிப் பார். ஹாரியெட், ரோமன்சுக், சைமன்ஸ் என்று இருக்கும்.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு கோபம் என்று நினைப்பாய். நான் வார இதழில் உதவி ஆசிரியனாக இருந்த காலத்தில் மெய்ப்புப் பிரிவில் ஓர் அக்கா இருந்தார். தொடர்கதை அத்தியாயம் எப்போதும் கடைசி நேரத்தில்தான் வரும். எழுத்தாளர் வீட்டுப் பையன் சைக்கிளில் கொண்டுவந்து கொடுத்ததும் நேரே அச்சுக்கோக்கப் போகும். அக்காவிடம் ஒரு கணக்கு நோட்டு இருந்தது. அதில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு பக்கம். வயது, ஊர், தாலி எப்போது கட்டினார்கள், எந்தக் காலில் நொண்டி, யாருக்கு யார் எவ்வளவு பாக்கி. ஒரு வாரம் கதாநாயகியின் மாமியார் கூடத்தில் உட்கார்ந்து காபி ஆற்றிக்கொண்டிருந்தார். அக்கா நோட்டைப் புரட்டிவிட்டு, "இந்தம்மாவுக்குப் போன ஆடியிலேயே காரியம் முடிஞ்சாச்சே" என்றார். எழுத்தாளரைப் பிடிக்க நேரமில்லை. மாமியாரை அக்காவே சித்தியாக மாற்றினார். மாற்றினால் போதுமா? அந்தச் சித்திக்கு இரண்டு வரி வேண்டும் அல்லவா, அதையும் அக்காவே எழுதினார். அடுத்த வாரம் எழுத்தாளர் வந்தார், பார்த்தார், "அதுவே இருக்கட்டும்" என்றார். பிறகு சித்தி கதையின் பாதியைத் தூக்கிச் சுமந்தாள். வாசகர் கடிதங்களில் பாதி அவளைப் பற்றித்தான். நாவல் புத்தகமாக வந்தபோது முன்னுரையில் ஓவியருக்கு நன்றி, ஆசிரியருக்கு நன்றி, அச்சகத்தாருக்கு நன்றி. அக்கா அதற்கும் மெய்ப்புப் பார்த்துக் கொடுத்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் அன்றிலிருந்து புலம்பிக்கொண்டிருக்கிறேன்.

கை மாறும் கதை நமக்குப் புதிதும் இல்லை. 1954 டிசம்பரில் கல்கி மறைந்தபோது 'அமரதாரா' பாதியில் நின்றது. அவர் குறிப்புகளை வைத்து மகள் ஆனந்தி எழுதி முடித்தார். ஜார்டனேகூட, ராபர்ட் ஈ. ஹோவர்ட் படைத்த கோனனை வைத்து 1980களில் ஏழு நாவல்கள் எழுதிய பிறகுதான் சொந்த உலகத்தைக் கட்டினார். அடுத்தவர் வீட்டில் குடியிருந்து பழகியவருடைய வீட்டில் பிறகு இன்னொருவர் குடிவந்தார். இது உனக்குத் தெரியும், ஓர் அடிக்குறிப்பில் போட்டிருக்கிறாய். அடிக்குறிப்பில்!

அதோடு, கடைசி மூன்று தொகுதிகளிலும் ஜார்டனின் குரலே ஒலிப்பதாக எழுதியிருக்கிறாய். காதைத் தீட்டிக்கொண்டு மறுபடி படி. ஜார்டன் ஒரு பெண்ணை அறைக்குள் விடுமுன் அவள் கழுத்துப்பட்டைத் தையலைச் சொல்லி முடிப்பார். சாண்டர்சன் கதவைத் திறந்து ஆளை உள்ளே தள்ளிவிடுவார். 12ஆம் தொகுதியில் மேட் பேசுவது எங்கோ கல்லூரி விடுதியில் கேட்ட பேச்சுபோல இருக்கும். மேட்டின் குரலைப் பிடிக்கத் திணறியதைச் சாண்டர்சனே சொல்லியிருக்கிறார். அதே ஆள், ஆண்டாண்டாகத் தேங்கி நின்ற கதையை ஓடவைத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். 2003இல் வந்த பத்தாம் தொகுதியில் நானே தூங்கி வழிந்தேன். எடிட்டர் வீட்டுக்குள்ளேயே இருந்ததால் கத்தரி மழுங்கிவிட்டதா? பலர் கேட்ட கேள்வி, நியாயமானதும்கூட. ஹாரியெட்டை நீ அதற்காகக் குறை சொல்லியிருந்தால்கூட எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். குறை சொல்லவாவது பெயரைச் சொல்லியாக வேண்டுமே.

அடுத்த பகுதியில் தொலைக்காட்சித் தொடரை ஒரு பிடி பிடிக்கப்போவதாக எழுதியிருக்கிறாய். 2021இல் தொடங்கி மூன்று பருவங்களோடு 2025இல் நிறுத்தப்பட்டுவிட்டது. செத்த பாம்பை அடிக்காதே. நூலில் இருப்பது திரையில் இல்லை என்று பட்டியல் போடவும் வேண்டாம், அதைத்தான் எல்லாரும் போடுகிறார்கள். அதற்குப் பதிலாக ரூயிடியன் தூண்களை மட்டும் எடுத்துக்கொள். 1992இல் ஜார்டன் எழுதிய இரண்டு அத்தியாயங்கள். 2010இல் சாண்டர்சன் முடித்த 13ஆம் தொகுதியில் ஐயீல் பெண் அவியெண்டா அதே தூண்களுக்கிடையே நடந்து, பின்னோக்கி அல்லாமல் முன்னோக்கித் தன் சந்ததியைப் பார்ப்பது. மூன்றாம் பருவத்தின் நான்காம் பகுதியில் ராண்டாக நடித்தவரே அவன் மூதாதைகளாகவும் ஒவ்வொருவராக வந்து நிற்பது. ஒரே இடம், மூன்று கை. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுது. லெவினைப் பற்றி எழுதினாயே, அந்த நிதானத்தில் எழுது. ஹாரியெட்டின் பெயர் முதல் பக்கத்திலேயே வரட்டும்.

நான்காம் தொகுதி உனக்குத் தேவைப்படும். அது என்னுடைய பிரதி, உன்னிடம்தான் இருக்கிறது. எழுதி முடித்ததும் கொண்டுவந்து கொடு.

அன்புடன்,
உன் அண்ணன்