மசாலைப் பொடிகளைச் சேமித்தலும் அவற்றின் பழுதறிதலும்

திருவண்ணாமலையில் 2,668 அடி உயரமுள்ள மலையின் உச்சியில் தீபம் ஏற்றப்பெறும் கார்த்திகைத் திருவிழா, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருவதாகும். யாத்திரிகர்களுக்கு அன்னமிட விரும்பும் குடியானவர்கள், கோடையில் விலை தணிந்திருக்கையில் மிளகாய், கொத்தமல்லி முதலியவற்றை வாங்கி, அப்பொழுதே அரைத்து வைத்துவிடுவதுண்டு. மழைக்காலத்தில் அப்பொடி வாசனை கெட்டோ, பூசணம் பூத்தோ போகுமாயின், பொருள் நஷ்டத்துடன் உண்போருக்குத் தீங்கும் நேரும்.

கெடுவதற்குக் காரணம்: கொத்தமல்லி, சீரகம், மிளகு ஆகியவற்றின் வாசனை, எளிதில் ஆவியாகும் தைலங்களால் உண்டாவது. விதை முழுதாக இருக்கும் வரையில் தைலம் அதனுள் அடங்கியிருக்கும். அரைத்தவுடன் காற்றிற் கலந்து போகத் தொடங்கும். மிளகாயின் செந்நிறமும் மஞ்சளின் பொன்னிறமும் வெளிச்சத்தால் மங்கும். சாம்பார்ப்பொடியிற் சேரும் பருப்புகளை வண்டு விரும்பும். எள், தேங்காய் சேர்ந்த பொடிகள் எண்ணெய்ப் பசையினால் விரைவில் சிக்கு நாற்றம் அடையும்.

சேமிக்கும் முறை: சரக்குகளை நன்கு உலர்த்தி முழுதாகவே வைத்திருந்து, ஒரு மாதத் தேவைக்கு மட்டும் அரைத்துக்கொள்வது உத்தமம். அரைத்த பொடி சூடாக இருக்கும். அதனைப் பரப்பி ஆறவிட்ட பின்னரே அடைக்க வேண்டும். சூட்டுடன் மூடினால் மூடியின் உட்புறத்தில் நீர் கோத்துப் பொடியில் விழும். உப்பு ஈரத்தை இழுக்குமாதலால் அதனைப் பொடியுடன் கலத்தலாகாது. ஒரே பெரிய பாத்திரத்தைத் தினந்தோறும் திறப்பதைவிட, இறுக மூடிய சிறு ஜாடிகள் பலவற்றில் பகிர்ந்து, அரைத்த தேதியை எழுதி, அடுப்புக்கும் வெயிலுக்கும் எட்ட வைத்தல் நலம். ஈரக் கரண்டி கூடாது.

பழுதறியும் வகை: புதிதாகச் சிறிதளவு அரைத்து, பழைய பொடியையும் அதனையும் வெள்ளைக் காகிதத்தின்மேல் அருகருகே வைத்து நிறத்தை ஒப்பிடுக, பின்பு உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பார்க்க. வாசனை மட்டும் குன்றிய பொடியைச் சற்று மிகுதியாக இட்டு விரைவில் செலவழிக்கலாம். பொடி நூல்கட்டித் திரண்டாலும், செம்பழுப்பு நிறமுள்ள சிறு வண்டுகள் காணப்பட்டாலும், சிக்கு நாற்றம் வீசினாலும் அதனை நீக்கிவிட வேண்டும்.

பூசண வாடையுள்ளது எல்லாவற்றிலும் கொடியது. 1960-இல் இங்கிலாந்தில் பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கைத் தின்ற வான்கோழிகள் பெருந்தொகையாய் மடிந்தன. அதை ஆராய்ந்ததில் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு அறியப்பட்டது. ஈரம் பட்ட மிளகாயிலும் இந்நஞ்சு உண்டாகக்கூடும். வெயிலில் காயவைத்தாலும், வறுத்தாலும், கொதிக்க வைத்தாலும் அது முற்றும் நீங்குவதில்லை. கறவை மாட்டுக்கு இட்டால் பாலிலும் இறங்கும். ஆகையால் அத்தகைய பொடியை மனிதருக்கும் கால்நடைக்கும் உதவாமல் புதைத்துவிடுவதே முறை.

விழாவுக்குச் சரக்கு திரட்டும் கிராமத்தார், மிளகாயையும் மல்லியையும் முழுதாகவே பெற்று, ஈரமின்றிக் காத்து, தீபத்திற்குச் சில நாட்களுக்கு முன் அரைப்பாராயின், குறைந்த பொடியிலேயே நிறைந்த மணம் கிட்டும். இடும் அன்னமும் குற்றமற்றதாகும்.