கோப்புகளின் உறவுமுறை: மூலமும் வழித்தோன்றல்களும்

நெற்பயிரின் இலையில் புள்ளிகள் கண்டவிடத்து அவற்றைப் புகைப்படம் எடுத்து அனுப்புதல் களப்பணியாளர்களுக்கு இப்பொழுது அன்றாடக் கடமையாகிவிட்டது. எடுத்த படம் எடுத்த நிலையிலேயே நிற்பதில்லை. கேமராவின் மூலக்கோப்பிலிருந்து ஜேபெக் கோப்பு ஒன்று உண்டாக்கப்படுகிறது. அதன் ஓரங்களை வெட்டி அறிக்கையில் சேர்க்கின்றனர். பின்னர் அளவு குறைத்துச் சுவரொட்டிக்கும் வகுப்பறைக்கும் பயன்படுத்துகின்றனர். ஓராண்டு கழித்து ஒருவர், “இது குலைநோயா, பழுப்புப் புள்ளி நோயா?” என்று வினவுவதாகக் கொள்வோம். முன்னதன் புள்ளி இருமுனையும் கூர்ந்து கண் வடிவாய் இருக்கும். பின்னதன் புள்ளி எள் விதையை ஒத்திருக்கும். ஆனால் சுவரொட்டிப் படத்தில் புள்ளியின் விளிம்பு மங்கிவிட்டது. உடன் வைத்த அளவுகோல் வெட்டுண்டு போயிற்று. மூலப்படம் எதுவென்று அறியவும் வழியில்லை. அப்படம் இனிச் சான்றாகாது.

எண்முறைக் கோப்புகளைப் பேணும் மென்பொருள்கள் இக்குறையை நீக்கக் கோப்புகளுக்கிடையேயுள்ள உறவுகளையும் பதிந்து வைக்கின்றன. அவ்வுறவுகள் பலவகைப்படும். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறத்தல் ஒரு வகை. ஒரே காட்சியின் பல படங்களை ஒரு குழுவாய்ச் சேர்த்தல் மற்றொரு வகை. படத்தைப் பற்றிய குறிப்புகளை மட்டும் தாங்கி அதனருகே நிற்கும் துணைக்கோப்பு மூன்றாவது வகை.

உறவை மென்பொருள் எங்ஙனம் அறிகிறது? கோப்பின் பெயரையும் அது இருக்கும் இடத்தையும் கொண்டு அறிதல் எளிய முறை. ஆயினும் பெயரை மாற்றிய அக்கணமே உறவு அறுந்துபோகும். கோப்பின் உள்ளடக்கத்தைக் கணக்கிட்டு ஒரு முத்திரை எண் பெறுதல் அடுத்த முறை. எஸ்.எச்.ஏ.-256 என்னும் முறையில் அவ்வெண் 256 பிட் நீளமுடையது. பெயர் மாறினும் இம்முத்திரை மாறாது. ஆகவே இரு கோப்புகள் அச்சொட்டான நகல்களா என்பதை இது திண்ணமாய்க் கூறும். ஆனால் படத்தின் ஒரு புள்ளியை மாற்றினும் முத்திரை முற்றிலும் வேறாகிவிடுமாதலால், பிள்ளையைக் கொண்டு தாயை அறிய இது உதவாது.

எனவே கோப்பின் உள்ளேயே ஓர் அடையாளத்தைப் பொறிக்க வேண்டியதாயிற்று. அடோபி நிறுவனம் 2001-இல் வெளியிட்டதும், 2012-இல் ஐ.எஸ்.ஓ. 16684-1 என்னும் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்டதுமான எக்ஸ்.எம்.பி. முறையில் இதற்கென மூன்று அடையாளங்கள் உள்ளன. முதலாவது, ஆதிமூலத்தைக் குறிப்பது. வழித்தோன்றல்கள் யாவற்றிலும் மாறாது நிற்பது. இரண்டாவது, அந்தந்த ஆவணத்திற்குரியது. மூன்றாவது, ஒவ்வொரு முறை சேமிக்கும்பொழுதும் புதிதாவது. இவற்றோடு, ‘இன்னதிலிருந்து பெறப்பட்டது’ என்னும் குறிப்பும் உண்டு.

தாவரவியல் ஆசிரியர்களுக்கு இது புதிதன்று. ஒரு செடியிலிருந்து பல உலர்மாதிரித் தாள்கள் செய்து வெவ்வேறு தாவரகங்களுக்கு அனுப்பும்பொழுது, சேகரித்தவர் இட்ட எண் எல்லாத் தாள்களிலும் ஒன்றே. ஒவ்வொரு தாவரகமும் தன் தாளுக்கு இடும் பதிவெண் வேறு. முதல் இரு அடையாளங்களின் வேறுபாடும் இதுவே.

டிஜிகாம் என்னும் இலவச மென்பொருள் பிறப்பு உறவையும் குழு உறவையும் தன் தரவுத்தளத்தின் ஓர் அட்டவணையில் எழுதுகிறது. ஒவ்வொரு வரியிலும் இரு கோப்புகளின் எண்களும் உறவின் வகையும் மட்டுமே இருக்கும். வரிக்கு வரி பின்தொடர்ந்தால் மூலத்தை அடையலாம். இதனைக் கிளைவிடும் மரமென்று கூறுவோர் உளர். அது முழுதும் பொருந்தாது. நான்கு படங்களை ஒட்டிச் செய்த ஒரு படத்திற்குத் தாய்க்கோப்புகள் நான்கல்லவா! எனினும் எக்கோப்பும் தனக்கே மூதாதையாதல் கூடாது. அத்தகைய சுழற்சி நேர்ந்தால் மூலம் என்பதற்கே பொருளில்லை.

உறவு அறுபடும் இடங்களைப் பணியாளர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் உட்குறிப்புகள் நீங்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் நிலைக்கும். மென்பொருளுக்கு வெளியே கோப்பை மட்டும் நகர்த்தினால் துணைக்கோப்பு அநாதையாய் நின்றுவிடும். துணைக்கோப்பின் பெயரிலும் கவனம் தேவை. சில மென்பொருள்கள் படத்தின் பின்னொட்டை நீக்கி ‘வயல்12.எக்ஸ்எம்பி’ என்று பெயரிடும், டிஜிகாம் ‘வயல்12.ஜேபிஜி.எக்ஸ்எம்பி’ என்று முழுப்பெயரையும் வைத்துக்கொள்ளும். ஒரே பெயரில் மூலக்கோப்பும் ஜேபெக் கோப்பும் அருகருகே இருக்குமிடத்தில் பின்னதே ஐயமற்றது என்பது எம் கருத்து.

வகுப்பில் இதனைச் செய்து காட்டலாம். ஓர் இலையை அளவுகோலுடன் படமெடுத்து, அப்படியே ஒரு நகலும், ஓரம் வெட்டிய ஒன்றும், அவ்வெட்டியதைச் சிறிதாக்கிய ஒன்றும் செய்க. நான்கின் முத்திரை எண்களையும் கணக்கிட்டு, எவை ஒத்துள்ளன என மாணவரைக் கேட்க. பின்னர்க் கோப்பு, தாய்க்கோப்பு, செய்த மாற்றம், தேதி என நான்கு பத்திகள் கொண்ட அட்டவணையை அவர்களே தாளில் எழுதட்டும். இறுதியில் வெட்டிய படத்தை அழித்துவிட்டு, சிறிய படத்தின் மூலத்தை அத்தாளைக் கொண்டே கண்டறியச் சொல்க. இடையிலுள்ள கோப்பு மறைந்தபின்னும் அதன் வரியை அழிக்காத மாணவர் மூலத்தை எளிதில் அடைவர்.