வில்பத்துவில் சிறுத்தை பார்க்கப் போகிறவர்களுக்கு

சிறுத்தை பார்க்க வில்பத்துவுக்குப் போக நினைப்பவர்கள் கமராவைப் பற்றி யோசிக்கும் முன்பு ஜீப் சாரதியைப் பற்றி யோசியுங்கள். காலை ஆறு மணிக்கு ஹுனுவிலகம வாயில் திறந்து வாகனங்கள் வரிசையாக உள்ளே போகத் தொடங்கிவிட்டால், அதற்குப் பிறகு அவரோடு எதையும் பேசிச் சரிசெய்ய முடியாது. முதல் நாள் மாலையிலேயே, தங்குமிடத்து முற்றத்தில் ஆளுக்கொரு பிளேன்ரீயோடு உட்கார்ந்து பேசிவிட வேண்டும். நான் எப்போதும் இதைத்தான் சொல்கிறேன்: "சிறுத்தையைக் கண்டாலும் காணாவிட்டாலும் உங்கள் கையில் நான் தரும் காசு குறையாது. யாராவது போன் எடுத்து 'அங்கே நிற்கிறது' என்று சொன்னால் ஓட வேண்டாம். நல்ல வில்லு ஒன்றின் கரையில் எஞ்சினை நிறுத்திவிட்டு இருப்போம்."

நொச்சியாகமைப் பக்கத்து வயதான சாரதி ஒருவர் இதைக் கேட்டுவிட்டுச் சிங்களத்தில் சொன்ன பதில் எனக்கு இன்னும் மறக்கவில்லை. "நாங்கள் விரும்பியா ஓடுகிறோம், மாத்தயா? பின்னால் இருக்கிறவர்களின் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துத்தானே ஓடுகிறோம்." அன்றிலிருந்து ஜீப்புகள் புழுதி கிளப்பிக்கொண்டு பறப்பதைக் காணும்போது எனக்குச் சாரதிகள்மேல் கோபம் வருவதில்லை. ஜீப்புக்கு மாதாமாதம் கட்ட வேண்டிய லீசிங் பணம் இருக்கிறது, டீசல் செலவு இருக்கிறது. 'இவர் சிறுத்தை காட்டவில்லை' என்று ஒரு விருந்தினர் சொல்லிவிட்டால் அடுத்த விருந்தினர் வேறு ஜீப்பைத் தேடிப் போய்விடுவார். காட்டுக்குள் வேகத்தைத் தீர்மானிப்பவர் பின்னிருக்கையில் இருப்பவர்தான். அதனால்தான் இந்தப் பேச்சை முதலில் வைக்கிறேன்.

இலங்கையில் சிறுத்தை என்றால் எல்லோரும் யாலவைத்தான் சொல்வார்கள். அங்கே முதலாம் வலயத்தில் சிறுத்தைகள் மிக நெருக்கமாக வாழ்கின்றன, உண்மைதான். ஆனால் அந்த வலயம் ஏறத்தாழ 140 சதுர கிலோமீற்றர் மட்டுமே, யாலவுக்கு வரும் உல்லாசப் பயணிகளில் பெரும்பகுதியினர் அதற்குள்தான் போகிறார்கள். வில்பத்து 1,300 சதுர கிலோமீற்றருக்கும் அதிகமான காடு, நாட்டின் மிகப் பெரிய தேசியப் பூங்கா. இரண்டுமே 1938 இல் தேசியப் பூங்காக்கள் ஆனவை. போர்க்காலத்தில் வில்பத்து நீண்ட காலம் மூடிக் கிடந்தது. 2003 இல் திறந்தார்கள். 2006 இல் உள்ளே கண்ணிவெடியில் ஒரு வாகனம் சிக்கி, எழுத்தாளர் நிஹால் டி சில்வா உட்படப் பலர் இறந்தார்கள். மீண்டும் மூடப்பட்ட பூங்கா 2010 இல்தான் திறக்கப்பட்டது. இன்றும் அங்கே கூட்டம் யாலவை விடக் குறைவு. என் தெரிவு எப்போதும் வில்பத்துதான்.

பூங்காவுக்கு அந்தப் பெயரைக் கொடுத்தவையே வில்லுகள். மழைநீர் தேங்கி நிற்கும் ஆழமில்லாத இயற்கைத் தாழ்நிலங்கள் அவை, சுற்றிவர வெண்மணலும் புல்லும், அதற்கப்பால் காடு. வாடை மழை பெய்யும் ஒக்டோபர் கடைசி முதல் ஜனவரி வரை எங்கும் தண்ணீர் இருப்பதால் விலங்குகள் காடெங்கும் சிதறிவிடும். சோளகம் அடிக்கத் தொடங்கி வில்லுகள் சுருங்கும் மே முதல் செப்டெம்பர் வரையான காலந்தான் நல்லது. மான்கள் தண்ணீரைத் தேடிக் கரைக்கு வர, அவற்றைத் தேடிச் சிறுத்தையும் வரும். புழுதியைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஏன் விடியற்காலை? இரவு முழுவதும் குளிர்ந்து கிடந்த மணற்பாதையில் நடப்பது சிறுத்தைக்கும் சுகம். முட்புதருக்குள் நுழைந்து சத்தம் எழுப்புவதை விட வண்டிப்பாதையில் நடப்பதையே அது விரும்பும். இரவு நடமாட்டம் முடிந்து தன் எல்லையில் மூத்திர அடையாளம் இட்டுக்கொண்டே திரும்பும் நேரம் அது. வெயில் ஏறி ஒன்பது மணி தாண்டினால் ஏதாவதொரு பாலை மரக் கிளையிலோ வீரைப் புதரின் நிழலிலோ படுத்துவிடும். பிறகு பக்கத்திலேயே ஜீப் போனாலும் கண்ணில் படாது. இலங்கைக் காடுகளில் வேங்கைப்புலியும் இல்லை, சிங்கமும் இல்லை. சிறுத்தைக்கு மேல் அதிகாரம் செலுத்தும் வேட்டை விலங்கு இல்லாததால் அது பகல் வெளிச்சத்திலும் தயங்காமல் நடக்கிறது. முதுமலை போன்ற காடுகளில் புலிக்கு ஒதுங்கி வாழும் சிறுத்தையை இப்படித் திறந்த பாதையில் காண்பது அரிது.

ஆகவே முதல் சில கிலோமீற்றருக்கு மரங்களைப் பார்க்க வேண்டாம், நிலத்தைப் பாருங்கள். அதற்கு உங்கள் ஜீப் முன்வரிசையில் இருக்க வேண்டும். பின்னால் போகிறவருக்கு முன்னால் போன சக்கரங்கள் எதையும் மிச்சம் வைக்காது. ஈர மணலில் நாயின் காலடிக்கும் சிறுத்தையின் காலடிக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கச் சிறு பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்கலாம். நாயின் நகம் பதியும். சிறுத்தை நகத்தை உள்ளிழுத்துக்கொண்டு நடப்பதால் விரல்கள் நான்கும் உருண்டையாக மட்டும் பதியும், பின்திண்டின் கீழ்விளிம்பு மூன்று மடிப்பாக இருக்கும். நேற்று மாலை போன ஜீப்பின் சக்கரத் தடத்துக்கு மேல் காலடி விழுந்திருந்தால் அது இரவிலோ இன்று விடியலிலோ நடந்தது. காலடியின் ஓரம் உதிராமல் கூராக இருந்தால் எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள்.

நிறுத்திய பிறகு செய்ய வேண்டிய வேலை கேட்பது. இதைத்தான் பெரும்பாலானோர் செய்வதில்லை.

காட்டில் சிறுத்தையை முதலில் காண்பவை மான்களும் மந்திகளும். அவை கத்துவதைப் புரிந்துகொள்ளப் பழகினால் உங்கள் கண் போகாத இடத்துக்கும் காது போகும். புள்ளிமான் அபாயத்தைக் கண்டால் கூரிய குரலில், இடைவெளி விட்டு, திரும்பத் திரும்பக் கத்தும். ஆனால் புள்ளிமான் பதற்றக்காரப் பிராணி. நரியைக் கண்டும் கத்தும், தண்ணீரில் முதலை அசைந்தாலும் கத்தும். ஒரு குரலை மட்டும் நம்பி ஓடாதீர்கள், கூட்டத்தைப் பாருங்கள். எல்லா மான்களும் வாலை உயர்த்தி, காதை முன்னே நீட்டி, ஒரே திசையை வெறித்துப் பார்த்தபடி முன்னங்காலால் நிலத்தைத் தட்டினால் அங்கே ஏதோ இருக்கிறது. முகம் கறுத்த மந்தி மர உச்சியிலிருந்து தொண்டை கரகரக்க இருமுவதுபோல் கத்தும். அது மேலிருந்து பார்ப்பதால் அதன் சாட்சி கனமானது. எல்லாவற்றிலும் நம்பத்தக்கது மரை. உடம்பு பெரிது, பயம் குறைவு, சும்மா வாய் திறக்காது. மரை ஒன்று அடிவயிற்றிலிருந்து ஒலிக்கும் அந்த உரத்த குரலை எழுப்பினால் சாரதியின் கழுத்துத் தானாகத் திரும்பும், கவனித்துப் பாருங்கள்.

இன்னொன்று, குரல் இடம் மாறுகிறதா என்பதையும் கேளுங்கள். முதலில் இடது பக்கம், சற்றுப் பொறுத்து அதற்கு முன்னால், பிறகு இன்னும் முன்னால் என்று நகர்ந்தால் சிறுத்தை நடந்துகொண்டிருக்கிறது. அது பாதையை எங்கே கடக்கும் என்று கணித்து, அந்த இடத்துக்கு நன்றாக முன்னதாகவே போய் நின்றுவிடலாம். ஒரே இடத்திலிருந்து குரல் வந்து மெல்ல அடங்கிவிட்டால் அது படுத்துவிட்டது, அல்லது மான்களின் பார்வையிலிருந்து மறைந்துவிட்டது. அப்போது கால் மணி நேரமாவது பொறுக்க வேண்டும். மற்ற ஜீப்புகள் அலுத்துப் போய் நகர்வது பெரும்பாலும் அந்தக் கால் மணி நேரத்துக்குள்தான். சில காலைகளில் சிறுத்தையே குரல் கொடுக்கும். மரத்தை வாளால் அறுப்பதுபோல் இழுத்து இழுத்து வரும் அந்த ஒலியை ஒரு முறை கேட்டால் பிறகு எதோடும் குழம்பாது.

வில்லொன்றின் அருகே ஒரு காலையில் கண்டதைச் சொல்ல வேண்டும். பெண் சிறுத்தை ஒன்று புதர் ஓரத்தில் வந்து நின்றது. பெண் சிறுத்தை பெரிய பிராணி இல்லை, முப்பது கிலோ அளவில்தான் இருக்கும். ஆண் ஏறத்தாழ அதன் இரண்டு மடங்கு. அது பாதையைக் கடந்து தண்ணீர்ப் பக்கம் போகப் பார்த்தது. செய்தி பரவி ஜீப்புகள் வந்தன. இடைவெளியே இல்லாமல் பாதையில் வரிசை கட்டின. அது இரண்டடி முன்னே வந்தது, நின்றது, வாயைத் திறந்து மூச்சு வாங்கியது, திரும்பிப் போனது. சற்றுத் தள்ளி மறுபடி வெளியே வந்தது. ஜீப்புகளும் பின்னால் எடுத்து அங்கே போயின. பால் கொடுத்து அதன் மடி தொங்கியிருந்ததை எங்கள் சாரதிதான் காட்டினார். குட்டி எந்தப் பக்கம் இருந்ததோ. அவர் மற்றவர்களைப் பார்த்துக் கையசைத்து, எங்கள் ஜீப்பை நூறு மீற்றருக்கு மேல் பின்னால் எடுத்து நிறுத்தினார். அதைப் பார்த்து இன்னொருவரும் எடுத்தார். அந்த இடைவெளியில் அது கடந்து போனது. எங்களுக்குக் கிடைத்தது சில நொடிக் காட்சி, அதுவும் தூரத்தில். கிட்ட நின்றவர்களை விட நாங்கள்தான் நன்றாகப் பார்த்தோம் என்றே இன்றும் நினைக்கிறேன், ஏனென்றால் அது நடக்க விரும்பியபடி நடந்ததைப் பார்த்தோம்.

சிறுத்தை பாதைக்கு ஒரு பக்கம் நின்றால் அதற்கு எதிரே பாதையை மறிக்கவே கூடாது. அது நடந்துகொண்டிருந்தால் பின்னாலேயே போகவும் கூடாது. உங்கள் சாரதி விலகி நின்றால் அங்கேயே பாராட்டுங்கள், மற்றவர்களுக்கும் கேட்கட்டும்.

மற்றவை சின்ன விஷயங்கள். திறந்த ஜீப்பில் விடியற்காலைக் காற்று குளிரும், எட்டு மணிக்குக் கொளுத்தும். கழற்றக்கூடிய மேற்சட்டையும், புழுதிக்கு மூக்கை மூட ஒரு துணியும் போதும். பளிச்சென்ற வெள்ளையும் கடும் வாசனைத் திரவியமும் வேண்டாம். அடையாள அட்டையை மறந்தால் உள்நாட்டவருக்கான கட்டணத்தில் அனுமதிச்சீட்டு கிடைப்பது சிரமம். சாப்பாட்டைப் பொலித்தீனில் சுற்றாமல் பெட்டியில் கொண்டுபோங்கள், அனுமதிக்கப்பட்ட இடம் தவிர வேறெங்கும் ஜீப்பை விட்டு இறங்காதீர்கள். படம் எடுப்பவர்கள் ஃபிளாஷை அணைத்துவிட்டு ஐஎஸ்ஓவைத் துணிந்து கூட்டுங்கள். எஞ்சின் ஓடும்போது ஜீப் நடுங்கும், எந்த லென்ஸும் அதைச் சமாளிக்காது. பயறு நிரப்பிய துணிப்பை ஒன்றைக் கம்பியில் வைத்து அதன்மேல் கமராவைச் சாய்த்தால் முக்காலி தேவையில்லை. கமராவே இல்லாதவர்கள் ஒரு நல்ல பைனாகுலர் கொண்டுபோனால் எதையும் இழக்கமாட்டார்கள்.

காணாத காலைகளும் வரும். ஆனால் மே, ஜூன், ஜூலையில் பாலைப்பழம் பழுக்கும்போது மரமேறித் தின்னும் கரடியைக் காணலாம். அது சிறுத்தையை விட அபூர்வமான காட்சி என்பது என் கருத்து. இருவாட்சிகள் சிறகொலி கேட்கப் பறந்து போகும். இந்தப் பூங்காவின் எல்லைக்குள்தான் தாழிகளில் இறந்தவரை அடக்கம் செய்த பொம்பரிப்பும், அல்லி அரசாணியின் கதை சொல்லும் குதிரைமலையும் இருக்கின்றன. முழுநாள் எடுத்தால் கடற்கரை வரை போய் வரலாம்.

இலங்கைச் சிறுத்தை உலகில் வேறெங்கும் இல்லாத துணையினம். வளர்ந்தவை மொத்தம் ஆயிரத்தை எட்டாது என்பதே மதிப்பீடு. அவற்றில் பல பூங்காவுக்கு வெளியே, நம் ஊர்களின் ஓரத்தில் வாழ்கின்றன. 2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில், ஊருக்குள் வந்து ஆட்களைக் காயப்படுத்திய சிறுத்தையொன்றை மக்கள் அடித்துக் கொன்றார்கள். அவர்களின் பயம் பொய்யில்லை. சிறுத்தை எப்போது தாக்கும், எப்போது விலகும், சுற்றி வளைத்தால் என்ன செய்யும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் இருக்கவில்லை. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கருஞ்சிறுத்தை சுருக்குக் கம்பியில் மாட்டியது. மீட்டெடுத்தும் சில நாட்களில் இறந்துபோனது. பன்றிக்கு வைக்கும் கம்பி பன்றியை மட்டும் பிடிப்பதில்லை.

வடக்கிலும் மலையகத்திலும் பாடசாலைச் சுற்றுலா ஒழுங்கு செய்யும் ஆசிரியர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அநுராதபுரம் வரை பஸ் கொண்டுபோகிறீர்கள். அங்கிருந்து புத்தளம் வீதியில் போய் வடக்கே திரும்பினால் ஹுனுவிலகம. ஓர் இரவு அங்கே தங்கி, ஒரு காலையைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். முதல் நாள் மாலையில் சாரதிகளோடு பேச மறக்காதீர்கள்.