விருந்தும் வேலையாளும்

உணவு கொண்டுவரும் பணியாளை உடன் உட்கார வைக்க வேண்டும். இல்லையேல் ஓரிரு கவளமாவது கொடுக்க வேண்டும். அடுப்பின் சூட்டைத் தாங்கியவர் அவரன்றோ என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்தது. புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. மத்ரஸாவில் ஓதியதுதான், மறந்துபோனேன்.

சென்ற மாதம் ஈப்போவில் என் இல்லத்தில் நெய்ச்சோற்று விருந்து. முதலாளிமார்கள் சஹனுக்கு நால்வராக அமர்ந்தார்கள். காலையிலிருந்து அடுப்படியில் வெந்தவன் என் கடைப் பையன். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. எல்லோரும் கைகழுவிய பிறகு அவன் தேக்சாவின் அடிப்பற்றைச் சுரண்டிக் கொண்டிருந்தான். கண்டு நாணினேன். ஒரே தட்டில் பலர் கை வைத்து உண்ணும் சஹன் வழக்கம் உள்ள நமக்கா இது? கவளம் கொடுத்தால் போதாதா என்பவர் கவனிக்க: உட்கார வைப்பதே முதலில் சொல்லப்பட்டது.

இன்ஷா அல்லாஹ், அடுத்த விருந்தில் என் சஹனில் அவனுக்கு இடம். பரிமாற என் மகன் நிற்பான்.