டிராக்டரை லாரியில் ஏற்றும் முன்

நெய்வேலி நகரியம்

அன்புள்ள குமரனுக்கு,

மந்தாரக்குப்பத்தில் வாங்கிய பழைய டிராக்டரைச் சங்கரன்கோவிலுக்கு லாரியில் அனுப்பப் போகிறாய் என்று அண்ணி போனில் சொன்னார்கள். நல்லது. அவ்வளவு தூரம் ஓட்டிப்போனால் டயரும் இடுப்பும் சேர்ந்து தேயும்.

முதலில் ஆர்.சி.யைப் பார். வங்கிக் கடன் பதிவு இருந்தால் அது நீங்கும்வரை வண்டியை அசைக்காதே. படிவம் 29, 30இல் விற்றவரின் கையெழுத்தை இப்போதே வாங்கிவிடு.

ஆபத்து ஏற்றும் இடத்தில்தான். சாதாரண லாரி என்றால் பின்கதவைத் திறந்து மண்மேட்டோடு அணைத்து நிறுத்தித்தான் ஏற்றுவார்கள். பின்னால் ரோட்டவேட்டரோ ஒன்பது கலப்பையோ தொங்க, செங்குத்தான ஏற்றத்தில் முன்பக்கமாக ஏறினால் முன்சக்கரம் தூக்கிவிடும். வண்டி பின்பக்கம் கவிழும். கருவியையும் கேஜ் வீலையும் கழற்றித் தனியே ஏற்றச் சொல். கழற்றத் தயங்காதே, இங்கே சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சத பக்கெட் வீல் இயந்திரங்களே ஜெர்மனியிலிருந்து பாகம் பாகமாக வந்து இங்கே பூட்டப்பட்டவைதான். கழற்றிய பின், போல்ட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு உன் கையிலேயே வைத்துக்கொள். பின்டயரில் தண்ணீர் நிரப்பியிருந்தால் அந்த எடையையும் லாரிக்காரரிடம் சொல். ஏறும்போது மட்கார்டில் யாரும் உட்காரக் கூடாது.

ஏறியதும் ஹேண்ட் பிரேக், கியர், சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை. சங்கிலியை முன்பின் அச்சுகளில் போடச் சொல். ஸ்டீயரிங் ராடிலோ ஹைட்ராலிக் கைகளிலோ போட்டால் வளைந்துவிடும். பேட்டரி வயரைக் கழற்று, சைலன்சர் வாயை மூடு.

கட்டுவதைவிட எழுதுவது முக்கியம் என்பது என் கட்சி. 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குச் சட்டமும் 2011இன் விதிகளும் சொல்வது இது: கூடுதல் கட்டணத்தை ஏற்று, சரக்கின் முழு மதிப்புக்கும் பொறுப்பு கேட்டு எழுதிக் கொடுக்காவிட்டால், டிரான்ஸ்போர்ட் கம்பெனியின் பொறுப்பு வாடகையைப் போல் பத்து மடங்கோடு நின்றுவிடும். வாடகை 20,000 ரூபாய் என்றால் 2 லட்சம். உன் வண்டி அதைவிட அதிகம் பெறும் அல்லவா? புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்காவிட்டால் வழக்கும் போட முடியாது. வெறும் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் உன் வண்டியின் சேதத்துக்கு உதவாது. பேக்கேஜ் பாலிசி சாலைவழிப் பயணச் சேதத்துக்கும் பொருந்தும்.

ஏற்றும் முன் நான்கு பக்கமும் படம் எடு, மணி மீட்டரையும் சேர்த்து. இறக்கும்போது கீறல் இருந்தால் ரசீதிலேயே எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடு. ஊரில் லாரி அணைக்க மண்மேடு எங்கே என்று அண்ணனை இன்றே பார்த்து வைக்கச் சொல்.

அன்புடன்,
சித்தப்பா